பழைய காரைப் பிரித்துப் பார்த்தவர்: சர் ஹென்றி ராய்ஸ் வாழ்க்கை சொல்லும் பாடம்

கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் பழைய சொகுசுக் கார்களுக்கு உலகெங்கும் தனி மவுசு உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி, மெர்சிடிஸ் என்று பெயரைக் கேட்டாலே பலருக்கு ஆசை வந்துவிடும். வண்ணப்பூச்சு மின்னும், தோல் இருக்கை மணக்கும், விற்பவர் சாவியைக் கையில் கொடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அந்த ஒரு சுற்றிலேயே மனம் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த வகைக் கார்களில் மிகப் புகழ்பெற்ற பெயரே ஒரு பழைய கார் வாங்கியதில் தொடங்கியது. வாங்கியவர் பெயர் ஹென்றி ராய்ஸ். முறையான பள்ளிப் படிப்பு ஏறக்குறைய ஓராண்டுதான். பிறர் ஓட்டிய ஒரு பிரெஞ்சுக் காரை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்து, எங்கே குறை என்று தேடினார். அந்தத் தேடலில் பிறந்ததுதான் ரோல்ஸ்-ராய்ஸ். பழைய கார் ஒன்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையை விட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது.

மாவு ஆலையில் பிறந்த பிள்ளை

பிரடெரிக் ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27ஆம் தேதி இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகில் உள்ள ஆல்வால்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஜேம்ஸ் குத்தகைக்கு எடுத்து மாவு ஆலை நடத்தியவர். தொழில் நொடித்தது. குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1872ல் தந்தை இறந்தபோது ஹென்றிக்கு 9 வயது.

அந்த வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. தெருவில் பத்திரிகை விற்றார். தந்திகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பசியோடு கழிந்த நாட்கள் பல. சிறுவயதில் சரியாகச் சாப்பிடாமல் வளர்ந்த உடம்பு, பிற்காலத்தில் அவரை விடாமல் துரத்தியது.

1878ல் அத்தை ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண்டு கட்ட முன்வந்ததால், பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதே பட்டறையில் வேலை செய்தவர். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அவர் ஒரு கடைசல் எந்திரம் வைத்திருந்தார். அரம் பிடிப்பது, உலோகத்தை மயிரிழை அளவுக்குச் சமப்படுத்துவது ஆகியவற்றை ராய்ஸ் அந்தக் கொட்டகையில்தான் கற்றார். பகலில் பட்டறை, மாலையில் கொட்டகை, இரவில் ஆங்கிலமும் கணக்கும்.

மூன்று ஆண்டுகளில் அத்தையின் பணம் தீர்ந்தது. பயிற்சியை முடிக்க முடியவில்லை. சான்றிதழ் இல்லாத இளைஞனாக லீட்ஸ் நகருக்குப் போய், கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு லண்டன் திரும்பி மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மின்சாரம் அப்போது புதிய தொழில். அதில் அனுபவசாலி என்று யாரும் இல்லை. ஆகவே சான்றிதழ் கேட்பாரும் குறைவு. 1882ல் லிவர்பூலுக்கு மாற்றப்பட்டு, தெருக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் மின்விளக்கு அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

குக் தெருப் பட்டறை

1884ல் ராய்சிடம் இருந்த சேமிப்பு 20 பவுண்டு. நண்பர் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் 50 பவுண்டு போட்டார். மான்செஸ்டர் நகரின் ஹியூம் பகுதியில் குக் தெருவில் ஒரு சிறு பட்டறை திறந்தார்கள். வீட்டு அழைப்பு மணி, விளக்குப் பொருத்திகள் என்று சிறு சாமான்களில் தொடங்கி, டைனமோ, மின்சாரப் பாரந்தூக்கி என்று வளர்ந்தார்கள்.

ராய்ஸ் செய்த டைனமோக்களுக்கு நல்ல பெயர் கிடைத்தது. சுழலும் பகுதியில் பொறி தெறிப்பது அக்காலத்து டைனமோக்களின் பெரிய குறை. பஞ்சுத் தூசி பறக்கும் நூற்பாலையில் ஒரு பொறி போதும், ஆலையே எரிந்துவிடும். ராய்ஸ் அந்தப் பொறியை அடக்கிக் காட்டினார். மின்சாரப் பொறி எங்கே தெறிக்கிறது, எதனால் தெறிக்கிறது என்று பார்க்கப் பழகிய கண், பிற்பாடு காரைப் பார்த்தபோது முதலில் போய் நின்றதும் மின்பொறி அமைப்பில்தான்.

1893ல் மின்னி பண்ட் என்பவரை மணந்தார். தொழில் பெருகியது, வீடு பெரிதானது. ஆனால் வேலைப் பழக்கம் மாறவில்லை. சாப்பாட்டை மறந்து பட்டறையில் நிற்பார். ஒரு கோப்பைப் பாலைக் கையில் ஏந்திக்கொண்டு பயிற்சிப் பையன்கள் அவர் பின்னால் அலைந்ததாகச் சொல்வார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் முடிந்த பின் வியாபாரம் மந்தமானது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான பாரந்தூக்கிகள் வந்து குவிந்தன. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க ராய்ஸ் உடன்படவில்லை. கவலையும் ஓய்வில்லாத வேலையும் சேர்ந்து 1902ல் உடல் தளர்ந்தது. மனைவியின் உறவினர் இருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பத்து வாரம் ஓய்வெடுத்துத் திரும்பினார்.

வாங்கியது பழைய கார்

அந்தக் காலகட்டத்தில்தான் ராய்ஸ், டெகோவில் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கார் ஒன்றை வாங்கினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அக்கால அளவுகோலில் அது மோசமான வண்டி அல்ல. ஆனால் சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், மின்பொறி அமைப்பை நம்ப முடியாது.

வேறொருவராக இருந்தால் கோளாறு வரும்போதெல்லாம் பட்டறைக்கு அனுப்பியிருப்பார். அல்லது விற்றுத் தலைமுழுகியிருப்பார். ராய்ஸ் காரைக் குக் தெருவுக்குக் கொண்டுவந்து பிரித்தார். ஒவ்வொரு பாகமாக எடுத்து, எது தேய்ந்திருக்கிறது, எது தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது, எது தேவையான அளவு கனமாக இல்லை என்று பார்த்தார். நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அப்படியே வைத்துக்கொண்டார். குறையாக இருந்ததைத் திருத்தினார்.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய முதல் பாடம் இங்கே இருக்கிறது. ஆசையோடு போகிறவர் குறையைப் பார்ப்பதில்லை. சந்தேகத்தோடு மட்டும் போகிறவர் நிறையைப் பார்ப்பதில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் காரின் உண்மை நிலை தெரியும்.

காரைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது முதல் வேலை. வாங்க வருகிறார் என்று தெரிந்து விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பற்றுகிறது, முதல் சில நொடிகளில் என்ன சத்தம் வருகிறது, புகையின் நிறம் என்ன என்பதெல்லாம் மறைக்க முடியாத சாட்சிகள். நீல நிறப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். இன்ஜின் சூடேறிய பிறகும் விடாமல் வரும் வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைச் சொல்லும். எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், நீர் அதில் கலந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது மின்கம்பிகள். பழைய கார்களில் கம்பியின் மேலுறை ரப்பராலும் துணியாலும் ஆனது. நாளடைவில் அது காய்ந்து உதிரும். வெளியே பளபளக்கும் காரின் உள்ளே, டேஷ்போர்டின் பின்புறம் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒட்டுப் போட்ட கம்பிகளும் வண்ணம் மாறிய இணைப்புகளும் நிறைய இருந்தால், தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள கார் அது.

ஒரு ஹோட்டலில் நடந்த சந்திப்பு

டெகோவிலைத் திருத்தியதோடு ராய்ஸ் நிற்கவில்லை. சொந்தமாக மூன்று கார்கள் செய்ய முடிவெடுத்தார். கூட்டாளிக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு பயிற்சித் தொழிலாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கார்புரேட்டர் முதல் மின்பொறிப் பங்கீட்டுக் கருவி வரை தாமே வடிவமைத்தார். 1904 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் ராய்ஸ் கார் பட்டறையை விட்டு வெளியே ஓடியது.

மூன்றில் ஒரு கார், நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவருக்குப் போனது. அவருக்கு லண்டனில் சார்லஸ் ரோல்ஸ் என்ற இளைஞரைத் தெரியும். ரோல்ஸ் பிரபு குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து விற்றவர். நல்ல ஆங்கிலேயக் கார் ஒன்று கிடைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது.

1904 மே 4ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவருக்கு வயது 41, மற்றவருக்கு 26. ஒருவர் பத்திரிகை விற்று வளர்ந்தவர், மற்றவர் மாளிகையில் வளர்ந்தவர். இரண்டு சிலிண்டர் கார்கள் என்றாலே அதிரும் என்று நினைத்திருந்த ரோல்ஸ், ராய்சின் காரில் ஏறிப் பார்த்துவிட்டு மனம் மாறினார். ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் தாமே விற்பதாக அந்த ஆண்டு டிசம்பர் 23ல் ஒப்பந்தம் ஆனது. 1906 மார்ச்சில் ரோல்ஸ்-ராய்ஸ் லிமிடெட் பதிவானது. நிர்வாகத்தையும் விளம்பரத்தையும் கிளாட் ஜான்சன் கவனித்துக்கொண்டார்.

ரோல்சும் விற்பவர்தான். ஆனால் தம் கையால் ஓட்டிப் பார்த்துத் தாம் நம்பிய பிறகே அதை விற்கத் துணிந்தார்.

இரண்டு பவுண்டு, இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ்

1906 இறுதியில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் ராய்சின் ஆறு சிலிண்டர் கார் அறிமுகமானது. 7,036 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. சுழல்தண்டைத் தாங்க ஏழு பேரிங்குகள். ஒவ்வொரு பேரிங்குக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் போகும் ஏற்பாடு. சட்டகத்தின் முக்கிய இணைப்புகளில், அறைந்து வைக்கும் தறையாணிகளை நம்பாமல், துளைக்கு ஏற்றபடி துல்லியமாகக் கடைந்த கூம்பு ஆணிகளைப் பொருத்தினார் ராய்ஸ்.

இந்த வகையில் ஒரு காரை ஜான்சன் தேர்ந்தெடுத்து, பார்க்கர் என்ற உடல்கட்டும் நிறுவனத்திடம் கொடுத்தார். கூரை மடக்கும் திறந்த உடல், அலுமினிய வண்ணம், வெள்ளி முலாம் பூசிய பொருத்திகள். சில்வர் கோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். ஏஎக்ஸ் 201 என்ற எண் கொண்ட அந்தக் கார் இன்றும் இருக்கிறது.

1907ல் அரச ஆட்டோமொபைல் கழகத்தின் மேற்பார்வையில் அந்தக் கார் 15,000 மைல் சோதனைக்கு அனுப்பப்பட்டது. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓடியது. பெட்ரோல் குழாய் அதிர்ச்சியில் தானாக மூடிக்கொண்டதால் ஒருமுறை நின்றது. அதன் பிறகு 14,371 மைல், அதாவது சுமார் 23,000 கிலோமீட்டர், கோளாறு என்று எங்கும் நிற்காமல் ஓடியது.

ஆனால் சோதனையின் முக்கியப் பகுதி ஓட்டம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. கழகத்தின் பொறியாளர்கள் காரை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்தார்கள். புதியதற்குச் சமமாக மறுபடியும் ஆக்க எந்தப் பாகங்களை மாற்ற வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டார்கள். பாகங்களுக்கு ஆன தொகை 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்.

பழைய கார் வாங்கும் எவரும் மனத்தில் பதிக்க வேண்டிய கணக்கு இதுதான். விற்பவர் சொல்லும் விலை ஒரு எண். காரைச் சரியான நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு இன்னொரு எண். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்தக் காரின் உண்மையான விலை. மலிவாகக் கிடைத்த பழைய சொகுசுக் கார், இன்ஜினும் கூரையும் பிரேக்கும் சரிசெய்து முடிப்பதற்குள், நல்ல நிலையில் இருந்த விலை உயர்ந்த காரைவிட அதிகம் விழுங்கிவிடும். கார் பழையதானாலும் அதன் உதிரிப் பாகங்களின் விலை சொகுசுக் காருக்குரிய விலைதான். ஆகவே அந்த வகைக் காரை அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், மாற்ற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, அதற்கான செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேரம் பேச வேண்டும்.

ஏஎக்ஸ் 201 கூட 1908ல் பழைய காராகத்தான் கைமாறியது. ஒரே குடும்பம் அதைப் பல ஆண்டுகள் ஓட்டியது. 1948ல் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

சட்டகம் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது

ராய்ஸ் வாழ்ந்த காலம் முழுவதும் அவர் நிறுவனம் முழுக் காரை விற்கவில்லை. இன்ஜின் பொருத்திய சட்டகத்தை மட்டும் விற்றது. அதை வாங்கியவர் பார்க்கர், ஹூப்பர் போன்ற உடல்கட்டும் நிறுவனங்களிடம் கொடுத்து, தமக்கு வேண்டிய உடலைக் கட்டிக்கொண்டார். சிலர் மூடிய உடல் கேட்டார்கள். சிலர் திறந்த உடல் கேட்டார்கள்.

இதில்தான் இன்றைய வாங்குநருக்குப் பெரிய கண்ணி இருக்கிறது. அந்தக் கார்கள் பழசானபோது சில சவ வண்டிகளாயின. சில பழுதான வண்டிகளை இழுக்கும் லோரிகளாயின. பின்னர் பழங்காலக் கார்களுக்கு மதிப்பு ஏறியதும், மூடிய உடலை எடுத்துவிட்டுப் புதிதாகத் திறந்த உடல் கட்டும் வழக்கம் வந்தது. திறந்த கார்களுக்கு விலை கூடுதல் என்பதே காரணம். உடல் மாற்றியது குற்றமல்ல. அதை மறைத்து, தொடக்கத்திலிருந்தே திறந்த கார் என்று சொல்லி அதிக விலை கேட்பதுதான் தவறு.

ஆகவே சட்டக எண், இன்ஜின் எண், உடல்கட்டிய நிறுவனத்தின் தகடு மூன்றையும் பார்க்க வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸ் ஒவ்வொரு சட்டகத்துக்கும் பதிவு அட்டை வைத்திருந்தது. எந்த எண்ணுள்ள சட்டகம் யாருக்கு விற்கப்பட்டது, எந்த உடல் பொருத்தப்பட்டது என்ற விவரங்கள் அதில் உண்டு. இங்கிலாந்தில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் மன்றம் அந்தப் பழைய ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. எண்கள் பொருந்தாத காருக்கு விளக்கம் கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

அந்தக் காலத்து உடல்களின் உள்ளே மரச்சட்டம் இருக்கும். வெளியே அலுமினியத் தகடு அழகாக இருக்கும். உள்ளே மரம் உளுத்திருக்கும். மூடிய காரைவிடத் திறந்த காரில் இந்த ஆபத்து அதிகம். மடக்குக் கூரையின் தையல் வழியாகவும், கண்ணாடி ஓரத்திலும் மழை நீர் இறங்கும். தரைவிரிப்பைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரமும் பூஞ்சை நாற்றமும் இருந்தால், அடியில் மரமோ இரும்போ போய்க்கொண்டிருக்கிறது என்று அறியலாம். நம் ஊர் மழையிலும் வெக்கையிலும் நின்ற காருக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம்.

கதவைத் திறந்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கூரை இல்லாத உடலுக்கு இறுக்கம் குறைவு. நடுப்பகுதி தொய்ந்த காரில் கதவு மூடும்போது கீழே இடிக்கும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கும். கூரையை விற்பவர் செய்து காட்டட்டும் என்று விடாமல், வாங்குபவரே குறைந்தது இரண்டு முறை மடக்கி விரிக்க வேண்டும். கூரைச் சட்டம் நேராக உட்காருகிறதா, துணி மடியும் இடத்தில் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தம் உடம்பைப் பார்க்காதவர்

1908ல் டெர்பி நகரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. குண்டும் குழியுமான சாலையில் ஓடுவதுபோல் சட்டகத்தைக் குலுக்கும் எந்திரம் ஒன்றை ராய்ஸ் அங்கே அமைத்தார். சாலையில் பல்லாண்டு ஓடி உடைய வேண்டிய பாகம் சில நாட்களில் தொழிற்சாலையிலேயே உடைந்து காட்டும். உடைந்ததைப் பார்த்து வலுப்படுத்துவார்.

1910 ஜூலை 12ஆம் தேதி போர்ன்மவுத் நகரில் நடந்த விமானக் காட்சியில், சார்லஸ் ரோல்ஸ் தாம் ஓட்டிய விமானம் நொறுங்கி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. அடுத்த ஆண்டே ராய்ஸ் நோயில் விழுந்தார். ஒவ்வொரு பேரிங்கின் தேய்மானத்தையும் கணக்கிட்டவர், தம் உடம்பின் தேய்மானத்தைக் கணக்கிடவில்லை. பட்டினிச் சிறுவயது, உறக்கமில்லாத இரவுகள், மறந்துபோன சாப்பாடு எல்லாம் சேர்ந்து வட்டியோடு வந்து நின்றன.

ஜான்சன் அவரை ஓய்வுக்காக எகிப்து வரை அழைத்துப் போனார். 1912ல் லண்டனில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. இனி சில மாதங்களே என்று மருத்துவர்கள் கருதினார்கள். மணவாழ்க்கையும் அந்தக் காலத்தில் முறிந்தது. எத்தெல் ஆபின் என்ற தாதி அவரைப் பொறுப்பேற்றுக் கவனித்தார். அந்தக் கவனிப்பில் ராய்ஸ் மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

குளிர்காலத்தில் தென் பிரான்சின் லெ கனடெல் கடற்கரை, மற்ற மாதங்களில் இங்கிலாந்தின் தென்கரை என்று அவர் வாழ்க்கை மாறியது. வரைவாளர்கள் சிலர் அவர் வீட்டுக்கு அருகிலேயே தங்கினார்கள். வரைபடங்கள் தபாலில் டெர்பிக்குப் போயின. அங்கே செய்த சோதனைக் கார்கள் பிரான்ஸ் வரை ஓட்டி வரப்பட்டன. படுக்கையில் இருந்தாலும் குறை கண்டுபிடிப்பதை அவர் விடவில்லை.

அவர் வடிவமைத்த ஈகிள் விமான இன்ஜின்கள், 1919ல் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலை எங்கும் நிற்காமல் கடக்க உதவின. 1930ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1931ல் அவர் குழுவின் ஆர் இன்ஜின் பொருத்திய விமானம் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியது. 1933 ஏப்ரல் 22ஆம் தேதி, வெஸ்ட் விட்டரிங் என்ற ஊரில் தமது 70ஆம் வயதில் ராய்ஸ் காலமானார். அவர் தொடங்கி வைத்த மெர்லின் விமான இன்ஜின் முதன்முதலாக இயங்கியது அதே ஆண்டு அக்டோபரில்தான். அதைக் கேட்க அவர் இல்லை.

கார்னிச் வாங்குவோர் கவனிக்க

ராய்ஸ் மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பின், 1971ல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்னிச் வந்தது. தென் பிரான்சின் கடலோர மலைச் சாலைகளுக்கு வழங்கும் பெயர் அது. ராய்ஸ் குளிர்காலங்களைக் கழித்ததும் அதே கடற்கரையில்தான். திறந்த கூரைக் கார்னிச் 1995 வரை தயாரானது. இன்று பழைய சொகுசுத் திறந்த கார் தேடுவோர் கண்ணில் அதிகம் படுவது இதுதான்.

இதில் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். ஆகவே துரு இங்கே அழகுக் குறை மட்டுமல்ல, பலத்தின் குறை. கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, பின் சக்கர வளைவு, மடக்கிய கூரை உட்காரும் பள்ளம், அதன் நீர் வடியும் துளைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால், இரும்பு உள்ள இடத்தில் அது ஒட்டாமல் போகும்போது பூச்சு அடைத்த ஒட்டு என்று தெரிந்துவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டியது பிரேக். கார்னிச்சில் பிரேக்கும் பின் சக்கரங்களின் உயரம் சமன் செய்யும் அமைப்பும் உயர் அழுத்தத் திரவத்தில் வேலை செய்கின்றன. இன்ஜினை இயக்கி எச்சரிக்கை விளக்கு அணைந்த பின், இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து எண்ண வேண்டும். நல்ல நிலையில் உள்ள காரில் பலமுறை மிதித்த பிறகே விளக்கு எரியும். இரண்டு மூன்று மிதியில் எரிந்தால், அழுத்தம் தேக்கும் உருண்டைகள் பழுதாகிவிட்டன.

அதைவிட முக்கியம் திரவத்தின் வகை. முந்தைய கார்களுக்கு ஆர்ஆர்363 என்ற பிரேக் திரவம். 1980 வாக்கில் நிறுவனம் தாது எண்ணெய்க்கு மாறியது. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் அனைத்தும் கெட்டு, முழு அமைப்பையும் பிரித்துச் செய்ய வேண்டிவரும். எந்த ஆண்டுக் கார், எந்தத் திரவம், யார் ஊற்றினார்கள் என்பதற்குப் பராமரிப்பு ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ரசீது இல்லாத சொகுசுக் கார், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ரசீது உள்ள காரின் விலைக்குப் பெறாது.

கடைசியாக, நீண்ட ஓட்டம். பத்து நிமிடச் சுற்று போதாது. வெயில் நேரத்தில், நெரிசலில், குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். வெப்பமானி ஏறுகிறதா, சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். திரும்பி வந்து நிறுத்திய பின் கால் மணி நேரம் காத்திருந்து, காருக்கு அடியில் என்ன சொட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

பழைய சொகுசுக் கார் எல்லார் கைக்கும் எட்டுவதல்ல. ஆனால் தோட்டப்புறத்தில் சொந்தக்காரரிடம் பழைய புரோட்டோன் வாங்குகிறவருக்கும் இதே முறை பொருந்தும். சத்தத்தைக் கேட்பது, தரைவிரிப்பைத் தூக்குவது, எண்களை ஒப்பிடுவது, செலவைக் கூட்டுவது ஆகியவற்றுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரே ஆண்டு பள்ளிக்குப் போன ராய்ஸ் அதைத்தான் செய்தார்.

அவருடைய அஸ்தி இன்று பிறந்த ஊரான ஆல்வால்டனின் சிறு தேவாலயத்தில் இருக்கிறது. தந்தை மாவு ஆலையை இழந்து வெளியேறிய அதே ஊர் அது.